கர்ப்பிணிகளும் வாதக் காய்ச்சலும்: திண்டிவனம், வேலூர், செங்கல்பட்டு வழியாக ஒரு வரலாறு

தமிழில் 'வாதம்' என்ற ஒரே சொல்லுக்குள் பல நோய்கள் குடியிருக்கின்றன. கை கால் இழுத்துக்கொண்டால் பக்கவாதம். விரல் மூட்டுகள் வீங்கி மடக்க முடியாமல் போனால் முடக்கு வாதம். வயதானவர்களுக்கு முழங்கால் தேய்ந்தால் அதுவும் வாதம்தான். இந்தக் கூட்டத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் இன்னொன்று வாதக் காய்ச்சல். ஆங்கில மருத்துவத்திலும் இதே குழப்பம் உண்டு. 'ருமாட்டிக்' என்ற அடைமொழி முடக்கு வாதத்துக்கும் சேரும், இந்தக் காய்ச்சலுக்கும் சேரும். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் ஒரு பெண் கர்ப்பமானவுடன் இரண்டும் எதிரெதிர் திசையில் போகின்றன என்பது பலருக்கும் தெரிந்திருக்காது.

முடக்கு வாதத்தை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இருந்த பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்கு வாதம் உள்ள பெண்கள் கர்ப்பமானால் மூட்டு வலி தணிவதையும் பிரசவத்துக்குப் பிறகு மறுபடி தலைகாட்டுவதையும் கவனித்து 1938-ல் எழுதினார். உடலுக்குள்ளேயே ஏதோ ஒரு பொருள் சுரந்து நோயை அடக்குகிறது என்பது அவருடைய ஊகம். அதைத் தேடிப்போனதில் கிடைத்ததுதான் கார்ட்டிசோன் சிகிச்சை. 1948-ல் முதல் நோயாளிக்குக் கொடுத்தார்கள், 1950-ல் நோபல் பரிசு வந்தது. (கர்ப்பத்தில் நோய் தணிவதற்குக் காரணம் அந்த ஒரு ஹார்மோன் மட்டுமல்ல என்பது பிறகு தெரிந்தது. தப்பான ஊகம் சரியான மருந்துக்குக் கொண்டுபோய் விட்ட கதை!) இன்று முடக்கு வாதம் உள்ள பெண்ணுக்கு எந்த மருந்தைத் தொடரலாம், எதை நிறுத்த வேண்டும் என்று ஓரளவு தெளிவான விதிகள் இருக்கின்றன. மெத்தோட்ரெக்சேட்டை கருத்தரிக்கும் முன்பே நிறுத்த வேண்டும், ஹைட்ராக்சிகுளோரோகுயினைத் தொடரலாம் என்பது போல. அந்தப் பெண்ணுக்குத் தன் நோய் என்ன என்று தெரியும், அவளுடைய டாக்டருக்கும் தெரியும். எனவே திட்டமிட முடிகிறது.

வாதக் காய்ச்சலில் இந்த வசதி இல்லை. அங்கே நோயாளிக்கே தான் நோயாளி என்று தெரியாது.

இந்தக் காய்ச்சல் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு வருவது. முதலில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் சாதாரணத் தொண்டை வலி. அது சரியாகி இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் அடிக்கும், ஒரு முழங்கால் வீங்கும். அது வடிந்ததும் அடுத்த மூட்டு வீங்கும். சில வாரங்களில் எல்லாம் ஓய்ந்துவிடும். மூட்டில் எந்தத் தடயமும் இருக்காது. ஆனால் கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடலின் தற்காப்புப் படை, ஆள் தெரியாமல் சொந்த இதயத்தின் வால்வுகளையும் தாக்கியிருக்கும். மூட்டை நக்கிவிட்டு இதயத்தைக் கடிக்கும் நோய் என்று 19-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு மருத்துவர் லாசேக் இதைச் சொன்னதாக ஒரு மரபு உண்டு. அதிகம் கடிபடுவது இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு. அதன் இரண்டு இதழ்களும் ஓரங்களில் ஒட்டி, தடித்து, வாசல் சுருங்கிக்கொண்டே போகும். சாதாரணமாக 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் இருக்க வேண்டிய வாசல் 1 சதுர சென்டிமீட்டருக்கும் கீழே போய்விடலாம்.

மேலைநாடுகளில் இந்தச் சுருக்கம் முற்ற 20, 30 வருடங்கள் ஆகும் என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. இந்தியாவில் 20 வயதுக்குள்ளேயே முற்றிய சுருக்கத்தோடு பிள்ளைகள் வருவதை டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சுஜாய் பி. ராயும் அவருடைய சகாக்களும் 1963-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பத்து வயதில் காய்ச்சல், இருபதுக்குள் வால்வு சுருக்கம், அதே இருபதை ஒட்டிக் கல்யாணம், பிறகு முதல் கர்ப்பம்.

கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது, நாடித்துடிப்பும் வேகமாகிறது. நல்ல இதயம் இதைச் சுலபமாகத் தாங்கிக்கொள்ளும். சுருங்கிய வாசல் உள்ள இதயத்துக்கு இது இரட்டை அடி. கடக்க வேண்டிய ரத்தம் அதிகம், துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் அது கடப்பதற்குக் கிடைக்கும் நேரமோ குறைவு. கடக்க முடியாத ரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்கும். ஆறாம் ஏழாம் மாதத்தில் படுத்தால் மூச்சு முட்டும், இரவில் எழுந்து உட்கார வேண்டியிருக்கும், இருமல் வரும். 'வயித்துப் பிள்ளைக்காரிக்கு மூச்சு வாங்கத்தானே செய்யும்' என்று வீட்டில் சொல்வார்கள். பாதி நேரம் அது உண்மையும்கூட. அதனால்தான் ஆபத்து. இதில் தப்பித்தாலும் பிரசவ நேரம் இருக்கிறது. குழந்தை பிறந்தவுடன் கருப்பை சுருங்கி, அதிலிருந்த ரத்தத்தை ஒரே மூச்சில் உடலுக்குள் திருப்பி அனுப்பும். ரத்தப்போக்கை நிறுத்த வழக்கமாகப் போடப்படும் மெத்தில் எர்கோமெட்ரின் ஊசிகூட இந்தப் பெண்களுக்குக் கூடாது. ரத்தக்குழாய்களை இறுக்கி நுரையீரலில் நீர் கோர்க்க வைத்துவிடும்.

இந்த இயக்கம் எதுவும் தெளிவாகத் தெரியாத காலத்தில் மருத்துவர்கள் கண்ட வழி, தடை போடுவது. 1870-களில் பாரிஸில் மிஷேல் பீட்டர் என்ற மருத்துவர் விதித்தது பிரபலம். இதய நோயுள்ள பெண் கன்னியாக இருந்தால் மணம் கூடாது, மனைவியாக இருந்தால் கர்ப்பம் கூடாது, தாயாகிவிட்டால் பாலூட்டக் கூடாது. (இவர் பாஸ்டரின் கிருமிக் கொள்கையைக் கடைசிவரை எதிர்த்தவரும்கூட. நோய்க்கே காரணம் ஒரு கிருமி என்பதை நினைத்தால் வேடிக்கைதான்.) பல தலைமுறை மருத்துவர்கள் இதையே ஓதினார்கள். பாரிஸிலேயே எத்தனை பேர் கேட்டார்களோ! தமிழ்நாட்டில் இந்த அறிவுரைக்கு ஒரே ஒரு விளைவுதான் இருக்க முடியும்: மறைப்பது. 'இதயத்தில் கோளாறு' என்று வெளியே தெரிந்தால் வரன் நின்றுபோகும். எனவே பெண் வீட்டார் சொல்ல மாட்டார்கள். பெண்ணும் புகுந்த வீட்டில் சொல்ல மாட்டாள், மாதாமாதம் போட வேண்டிய ஊசியும் நின்றுபோகும். மணம் கூடாது என்ற தடை பெண்களைக் காப்பாற்றியதைவிட அவர்களை மருத்துவரிடமிருந்து விலக்கி வைத்ததே அதிகம் என்று சொல்லத் தோன்றுகிறது.

இனி நம் பக்கத்து ஊர்களுக்கு வருவோம். செங்கல்பட்டிலிருந்து தெற்கே திருச்சி சாலையில் போனால் திண்டிவனம். 1890-களில் அங்கே மிஷனரி மருத்துவரான தன் தந்தையின் வீட்டில் தங்கியிருந்தார் ஐடா ஸ்கடர் என்ற இளம் அமெரிக்கப் பெண். ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து மூன்று பேர் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தம் மனைவியைப் பார்க்க வரும்படி அவரைக் கூப்பிட்டார்கள். தனக்கு மருத்துவம் தெரியாது, தந்தையை அழைத்துச் செல்லுங்கள் என்றார். ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிவிட்டார்கள். மறுநாள் மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது. அவர்கள் எதனால் இறந்தார்கள் என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் படித்துத் திரும்பி, 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதுதான் பின்னாளில் சி.எம்.சி. ஆனது. 1918-ல் அங்கே பெண்களுக்கென மருத்துவப் பள்ளியும் வந்தது.

செங்கல்பட்டுக்கும் மருத்துவ வரலாற்றில் பெரிய இடம் உண்டு. ஆனால் வேறு நோய்களால். ஊரை ஒட்டிய திருமணியில் 1924-ல் தொடங்கிய லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையை 1955-ல் மத்திய அரசு எடுத்துக்கொண்டு மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக்கியது. காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி உண்மையிலேயே பலன் தருகிறதா என்று பார்க்க 1968-ல் தொடங்கிய பெரும் சோதனை, உலக ஏடுகளில் இன்றும் 'செங்கல்பட்டு சோதனை' என்றே அழைக்கப்படுகிறது. (நடந்தது திருவள்ளூர்ப் பகுதியில். அன்றைக்கு அதுவும் செங்கல்பட்டு மாவட்டம்.) இவ்வளவு பெரிய ஆய்வுகள் நடந்த மண்ணில் ஒரு பிள்ளையின் தொண்டை வலி யார் கண்ணிலும் பட வாய்ப்பில்லை. தொழுநோய் தோலில் தெரியும், காசநோய் இருமலில் தெரியும். வாதக் காய்ச்சல் வந்த சுவடே இல்லாமல் போய்விடும்.

ஆனாலும் திருமணிக்கும் நம் கதைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அங்கே தலைமை மருத்துவராக இருந்த ராபர்ட் காக்ரேன் 1940-களில் வேலூர் சி.எம்.சி.யின் முதல்வரானார். பள்ளியாக இருந்ததை முழு மருத்துவக் கல்லூரியாக உயர்த்துவதற்காக வெளிநாட்டிலிருந்து சிறப்பு மருத்துவர்களைத் தேடித்தேடி அழைத்துவந்த காலம் அது. தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கும் அறுவை சிகிச்சையில் புகழ்பெற்ற பால் பிராண்டு அப்படி வந்தவர். அவரைத் திருமணிக்குக் கூட்டிப்போய் அந்தக் கைகளைக் காட்டியவர் காக்ரேன்தான். அதே ஆண்டுகளின் இறுதியில் வேலூருக்கு வந்து சேர்ந்தார் அமெரிக்க மார்பு அறுவை மருத்துவர் ரீவ் பெட்ஸ். இந்தியாவின் முதல் மார்பு அறுவை சிகிச்சைத் துறையை அவர் அங்கே உருவாக்கினார்.

அவர் வந்த நேரம் முக்கியமானது. சுருங்கிய வால்வைக் கையால் திறக்க முடியுமா என்ற கேள்வி கால் நூற்றாண்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. 1923-ல் பாஸ்டனில் எலியட் கட்லர் கத்தியை விட்டுப் பார்த்தார். முதல் சிறுமி பிழைத்தாள், அடுத்து வந்தவர்கள் பிழைக்கவில்லை. 1925-ல் லண்டனில் ஹென்றி சௌட்டர் ஓர் இளம்பெண்ணின் இதயத்துக்குள் விரலை விட்டு வால்வைத் திறந்தார். பெண் நலமாக வீடு திரும்பினாள். ஆனால் அதன்பிறகு எந்த மருத்துவரும் அவரிடம் நோயாளியை அனுப்பவே இல்லை! 1948 ஜூன் 10 அன்று பிலடெல்பியாவில் சார்லஸ் பெய்லி ஒரே நாளில் இரண்டு மருத்துவமனைகளில் இரண்டு பேருக்குச் செய்தார். காலையில் ஒருவர் இறந்தார். மாலையில் 24 வயதுப் பெண் பிழைத்தார். அதே ஆண்டில் டுவைட் ஹார்க்கன், லண்டனில் ரஸ்ஸல் பிராக் ஆகியோரும் வெற்றி கண்டார்கள். 1952 வாக்கில் கர்ப்பிணிகளுக்கும் இதைச் செய்த அறிக்கைகள் வரத் தொடங்கின.

செய்முறை கேட்கவே திகிலாக இருக்கும். இதயத்தை நிறுத்துவதில்லை. இடது மார்பின் கீழே விலா எலும்புகளுக்கு நடுவில் திறந்து, துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தின் இடது மேலறையில் சின்னத் துளையிட்டு, ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு, ஒட்டிக்கொண்ட வால்வு இதழ்களைத் தடவிப் பிரிப்பார்கள். பிறகு விரலுக்குத் துணையாக விரிப்பான் கருவி வந்தது. கண்ணால் பார்க்காமல் தொடு உணர்ச்சியை நம்பிச் செய்யும் வேலை. ஆனால் கர்ப்பிணிக்கு இதில் ஒரு பெரிய நன்மை. இதயம் நிற்காததால் குழந்தைக்குப் போகும் ரத்தமும் நிற்பதில்லை. பின்னாளில் இதய-நுரையீரல் எந்திரத்தை வைத்துச் செய்யும் திறந்த இதய அறுவை வந்தபோது தாய்க்கு ஆபத்து குறைந்தாலும் வயிற்றுக் குழந்தையை இழக்கும் அபாயம் அதிகமாகவே இருந்தது. மேலைநாடுகள் பழசு என்று கைவிட்ட பிறகும் இந்திய மருத்துவர்கள் விரல் முறையைப் பல ஆண்டுகள் விடாமல் பிடித்திருந்ததற்குச் செலவு மட்டும் காரணமல்ல.

வேலூரில் பெட்ஸுக்குப் பிறகு கோபிநாத், ஸ்டான்லி ஜான் என்று அந்தத் துறை வளர்ந்தது. 1983-ல் ஸ்டான்லி ஜானும் குழுவினரும் சர்குலேஷன் என்ற அமெரிக்க இதழில் தங்கள் கணக்கை வெளியிட்டார்கள். வரிசையாக 3724 பேருக்கு இந்த மூடிய முறை அறுவை செய்து நீண்ட காலம் தொடர்ந்து பார்த்த கணக்கு அது. ஒரே மருத்துவமனையில் இத்தனை சுருங்கிய வால்வுகள் என்பது சாதனையும்தான், வேதனையும்தான். அன்று செங்கல்பட்டுப் பக்கத்துப் பெண் வேலூர் போக வேண்டுமானால் காஞ்சிபுரம் வழியாக அரக்கோணம் போகும் மீட்டர் கேஜ் ரயில், அங்கே மாறிக் காட்பாடி. மூச்சு முட்டும் ஏழு மாதக் கர்ப்பிணிக்கு அது சின்னப் பயணமல்ல.

வால்வு ரொம்பக் கெட்டுப்போனவர்களுக்கு மாற்று வால்வு வேண்டும். இறக்குமதி வால்வு ஏழைகளுக்கு எட்டாத விலை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் வலியத்தான் தலைமையில் பல தோல்விகளுக்குப் பின் உருவான இந்திய வால்வு 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதைத் தயாரித்து விற்றது சென்னையின் டிடிகே குழுமம். பெரிய சாதனை. ஆனால் உலோக வால்வு வைத்த பெண் கர்ப்பமானால் புதுச் சிக்கல். வால்வில் ரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுதும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட வேண்டும். (ஆரம்பத்தில் எலி மருந்தாக விற்கப்பட்டது இதுதான்.) அது நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய், முதல் மூன்று மாதத்தில் குழந்தையின் மூக்கையும் எலும்புகளையும் கெடுக்கக்கூடும். ஹெப்பாரின் ஊசி குழந்தையைத் தொடாது, ஆனால் வால்வைக் காப்பதில் வார்ஃபரினுக்கு ஈடில்லை. எந்த வாரத்தில் எதிலிருந்து எதற்கு மாறுவது என்பது இன்றும் மருத்துவர்கள் கை நடுங்கும் இடம். இளம்பெண்ணுக்கு எந்த வால்வு வைப்பது என்று முடிவு செய்யும் நாளிலேயே அவளுடைய பிள்ளைப்பேற்றையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது.

1980-களில் ஜப்பானின் கஞ்சி இனோவே பலூன் முறையைக் கொண்டுவந்தார். தொடை ரத்தக்குழாய் வழியாகச் சுருக்கிய பலூனை இதயத்துக்குள் அனுப்பி, வால்வின் நடுவில் ஊதி, ஒட்டிய இதழ்களைப் பிரிப்பது. பழைய விரல் செய்த அதே வேலை, மார்பைத் திறக்காமல். இதையும் அறுவையையும் ஒப்பிட்டு ஐதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்தில் நடந்த சோதனைகளின் முடிவுகள் 1991-லும் 1994-லும் வெளிவந்து உலக அளவில் பலூனுக்கு அங்கீகாரம் தேடித்தந்தன. மார்பில் தழும்பு இல்லை என்பது நம் ஊரில் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. கர்ப்பிணிகளுக்குக் கதிர்வீச்சு படாமல் வயிற்றை ஈய உறையால் மூடி, முடிந்தவரை 20 வாரத்துக்குப் பிறகு செய்கிறார்கள். மருந்தில் அடங்கினால் அதுவும் வேண்டாம். நாடித்துடிப்பைக் குறைக்க மெட்டோப்ரோலால், நீரை வெளியேற்ற மாத்திரை, ஓய்வு, பிறகு வலி தெரியாமல் செய்து சுகப்பிரசவம். இதய நோய் என்றாலே சிசேரியன் என்று பலர் நினைப்பது சரியல்ல.

இத்தனைக்கும் மூலமான தொண்டைக் கிருமிக்குச் சாதாரண பெனிசிலின் போதும். ஒருமுறை வாதக் காய்ச்சல் வந்தவர்களுக்கு 21 நாளுக்கு ஒருமுறை பென்சத்தீன் பெனிசிலின் ஊசி போட்டால் வால்வு மேலும் கெடாமல் காக்கலாம். கர்ப்பத்திலும் அது பாதுகாப்பானது. வாழ்க்கை வசதியும் கூடியதால் நோய் குறைந்தும் வருகிறது. வேலூர்ப் பகுதிக் கிராமப் பள்ளிப் பிள்ளைகளிடம் 2001-2002-ல் சி.எம்.சி. எடுத்த கணக்கில் ஆயிரத்துக்கு 0.68 பேருக்குத்தான் இந்த இதய நோய் இருந்தது.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? சென்னை மருத்துவக் கல்லூரி 2016 ஜூலை முதல் 2019 டிசம்பர் வரை, இதய நோயோடு வந்த கர்ப்பிணிகளைப் பதிவு செய்தது. 1005 பெண்கள், 1029 கர்ப்பங்கள். அதில் 42 சதவீதம் வாதக் காய்ச்சலால் வந்த இதய நோய். 1.9 சதவீதம் தாய்மார்கள் இறந்தார்கள். இவற்றைவிட நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கும் எண் 60.5 சதவீதம். அத்தனை பேருக்குத் தமக்கு இதய நோய் இருப்பதே அந்தக் கர்ப்பத்தில்தான் முதன்முதலாகத் தெரியவந்தது. பெய்லியின் விரலும் இனோவேயின் பலூனும் இருந்தும் பத்தில் ஆறு பேருக்கு ஏழாம் மாத மூச்சுத்திணறலோ, ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கவனமாகக் கேட்ட ஒரு டாக்டரோதான் நோயைக் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

மாமல்லபுரம் கடற்கரையை எடுத்துக்கொள்வோம். கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய நிலத்தில் வரிசையாக மீனவர் குப்பங்கள். ஒரே அறையில் பலர் படுக்கும் வீடுகளில் தொண்டைக் கிருமி சுலபமாகப் பரவும். ஒரு காலத்தில் மாமல்லபுரத்துக்கே படகில் கால்வாய் வழியாகத்தான் போய்வந்தார்கள். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலை இருக்கிறது, 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது. திருக்கழுக்குன்றம் வழியாக 30 கிலோமீட்டரில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1965-ல் தொடங்கியது. அங்கிருந்து சென்னை ஒரு மணி ஒன்றரை மணி நேரம். 1844-லிருந்து பிரசவம் பார்த்துவரும் எழும்பூர் மருத்துவமனையும் எட்டும் தூரம்தான். ஆக, தூரம் இப்போது பெரிய தடையல்ல. சந்தேகப்பட்டு எக்கோ எடுக்கச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் கிராம சுகாதார செவிலியர்தான். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகைக்காகப் பெண்கள் 12 வாரத்துக்குள் பதிவு செய்ய வருவது இங்கே கைகொடுக்கிறது. சின்ன வயதில் மூட்டு வீங்கிப் பள்ளிக்கூடம் போகாமல் கிடந்ததுண்டா என்று அன்றைக்கே கேட்டுவிட்டால், மூச்சு முட்டுவதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே தெரிந்துவிடும்.

இதில் நம் வழக்கம் ஒன்றும் குறுக்கே வருகிறது. ஏழாம் மாதம் வளைகாப்பு, அது முடிந்ததும் தாய்வீடு. ரத்த அளவு உச்சத்துக்கு ஏறும் 28 முதல் 32 வாரம் சரியாக அப்போதுதான். இதயத்துக்குச் சுமை அதிகமாகும் வாரத்தில் பெண் ஊரையும் டாக்டரையும் செவிலியரையும் மாற்றுகிறாள். பிக்மி எண் வந்த பிறகு அவளுடைய பதிவு எந்த ஊரிலும் திறக்கும். ஆனால் மாத்திரை அட்டையையும் எக்கோ ரிப்போர்ட்டையும் பையில் எடுத்துவைக்க வேண்டியது வீட்டார்தான். பிரசவமாகி ஒரு வாரத்துக்குள் ஆபத்து முழுதாக நீங்குவதும் இல்லை. குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் வந்துபோகும் அந்த நாட்களில், தாய் தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டு தூங்குகிறாளா, இருமுகிறாளா என்று ஒருவராவது கவனிக்க வேண்டும். அடுத்த 21-ஆம் நாள் ஊசிக்குத் தாய்வீட்டு ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போகலாம்.